ஊற்றுகிறவளுக்கும் ஒரு கோப்பை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி ஓட்டமாவடியில் நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து, மலருக்காகச் சற்றே திருத்தி எழுதியிருக்கிறேன்.)





பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "என்ன தலைப்புப் போடட்டும்?" என்றார். "டீபொட்" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "பெண் கல்வி என்று போடுவோமா?" என்றார். "நீங்கள் டீபொட் என்றே போடுங்கள், பெண் கல்வி தானாக வந்து சேரும்" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, போட்டுவிட்டார். நன்றி.

தேநீர்ச் சாடி என்று புத்தகத்தில் எழுதலாம். எங்கள் வீடுகளில் அது டீபொட் தான். இந்த மேசையில் என்னுடைய டீபொட்கள் ஒன்பதும் சில கோப்பைகளும் இருக்கின்றன. எல்லாம் யாரோ ஒருவர் கையால் செய்தவை, அல்லது கையால் வரைந்தவை. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூக்குங்கள், அவ்வளவுதான். உடைந்தால் உடையட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தப் பேச்சு.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு மனையியல் பாடம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேநீர்த் தட்டு அடுக்குவது எப்படி என்று ஒரு பாடம். தட்டின் மேல் தைத்த துணி, இடது பக்கம் டீபொட், அதன் மூக்கு விருந்தாளியைப் பார்க்கக் கூடாது, பால்ச் சாடி, சீனிக் கிண்ணம், கோப்பையின் பிடி வலது பக்கம். டீச்சர் கேட்பார்: "நான்கு பேர் வந்திருக்கிறார்கள். எத்தனை கோப்பை வைப்பீர்கள்?" வகுப்பே ஒரே குரலில் "நான்கு!" என்று சொல்லும். சரியான விடை. புள்ளியும் கிடைத்தது. ஊற்றுகிறவளுக்கு ஒரு கோப்பை வேண்டாமா என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி வருவதற்கு முப்பது வருடம் சென்றது.

எங்கள் வீட்டில் ஒரு தேநீர் செட் இருந்தது. மூத்தம்மாவுடையது. மூத்தப்பா கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி ரயிலில் கொண்டுவந்தாராம். டீபொட், பால்ச் சாடி, சீனிக் கிண்ணம், ஆறு கோப்பை, ஆறு பீரிசு: மொத்தம் பதினைந்து உருப்படி. மெல்லிய வெள்ளைப் பீங்கான், அதில் பச்சை மூங்கில் இலைகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் விரல் மறுபக்கம் நிழலாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டோடு கண்ணாடி அலுமாரியும், அலுமாரியோடு அந்த செட்டும் மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கு வந்தன. 1970க்கும் 77க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிச் சாமான் கண்ணில் காண்பதே அரிது. அந்தக் காலத்தில் அந்த அலுமாரிக்கு ஒரு நகைப்பெட்டியின் மரியாதை இருந்தது.

எப்போது அது வெளியே வரும்? மாப்பிள்ளை பேசி வந்தால் வரும். வாப்பா வேலை செய்த காகித ஆலையிலிருந்து பெரியவர்கள் வந்தால் வரும். பெருநாளன்று வரும். உம்மா ஊற்றுவார், நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். எல்லாரும் போன பிறகு கழுவித் துடைத்து, எண்ணிப் பார்த்து, உள்ளே வைப்பார். அதன் பிறகுதான் குசினியில் குந்தியிருந்து, மிஞ்சிய சாயத்தில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, தன்னுடைய இனாமல் பேணியில் குடிப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நான் ஒருநாள், "இந்தக் கோப்பையில குடிச்சுப் பாருங்களேன் உம்மா" என்றேன். "அது வாறாக்களுக்கு மகள்" என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார்.

1978 நவம்பர் 23 இரவு. அந்த இரவை விடுதியில் என்னோடு கழித்தவர்கள் மூன்று பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஓடு பறந்த சத்தம் உங்களுக்கும் மறந்திருக்காது. விடுதியிலிருந்து நான் வீடு வந்து சேர்வதற்குள் உம்மா முற்றத்தைக் கூட்டி முடித்திருந்தார். விழுந்த தென்னைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி அலுமாரி குப்புற விழுந்து கிடந்ததாம். மிஞ்சியவை: டீபொட், மூடி இல்லாமல். இரண்டு கோப்பை. நான்கு பீரிசு. சூறாவளி மனிதர்களையே கொண்டுபோன ஊரில் கோப்பைக்காக யாரும் அழவில்லை. உம்மா ஒரு சிரட்டையைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, வாய்க்கு அளவாக்கி, டீபொட்டுக்கு மூடியாக வைத்தார். அது சரியாகப் பொருந்தியது. இதோ, இதுதான் அந்த டீபொட். இதுதான் அந்தச் சிரட்டை.

உம்மா மௌத்தான பிறகு நானும் தங்கச்சியும் சாமான்களை ஒழுங்குபடுத்தினோம். வீடு தங்கச்சியுடையது. "அலுமாரி எனக்கு இருக்கட்டும் ராத்தா, கோப்பையை நீங்க எடுங்க" என்றாள். இரண்டு கோப்பைகளையும் கழுவினேன். உள்ளே ஒரு கறையும் இல்லை. பக்கத்தில் உம்மாவின் இனாமல் பேணி. விளிம்பு உடைந்து கறுப்புத் தெரிந்தது. உள்ளே நாற்பது வருடத் தேயிலைச் சாயம், எவ்வளவு தேய்த்தும் போகாத மண்ணிறம். நான் அந்தப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வெகு நேரம் இருந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த இரண்டு கோப்பைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மூங்கில் இலை ஏழு. மற்றதில் எட்டு. ஓர் இலையின் நுனியில் பச்சை கொஞ்சம் கூடிப் போயிருந்தது. தூரிகையில் மை அதிகமாக இருந்த தருணம் அது. கோப்பை அச்சில் வார்த்தது, ஆனால் இலைகளை யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருக்கலாம், ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் நாங்கள் துடைத்து வைத்த பொருளில் ஒரு கை இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அங்கேதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

டீபொட்டைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். இது சேகரிப்பவர்களின் முதல் பழக்கம், விருந்துக்குப் போன வீட்டில் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் செட்டின் அடியில் "கையால் வரைந்தது, ஜப்பான்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஜப்பானியப் பீங்கானின் வயதை அறிய இந்த அடிக்குறிகள் உதவும். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின்படி, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்காக ஜப்பானியர் முதலில் "நிப்பொன்" என்று எழுதினார்கள். 1921இல் அந்தச் சொல் செல்லாது என்றானதும் "ஜப்பான்" என்று எழுதினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள், 1952 வரை, "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்ற குறியோடும் சாமான்கள் வந்தன. ஒரு சிறிய கோப்பையின் அடியில் ஒரு நாட்டின் தோல்வி எழுதியிருக்கிறது.

நாங்கள் புழங்குகிற சொற்களும் இப்படித்தான், கவிழ்த்துப் பார்த்தால் அடியில் குறி இருக்கும். குசினி, அலுமாரி, கோப்பை, பீரிசு எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. தேயிலையின் "தே" தென்சீனக் கரையில் பேசிய சொல், ஒல்லாந்தர் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாயாவின் "சா"வும் சீனச் சொல்தான், வேறு வழியால் வந்தது. பீங்கான் பாரசீகச் சொல். மத்திய கிழக்கில் வேலை செய்த பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், அங்கே கஹ்வா ஊற்றித் தரும் சின்னக் கோப்பைக்கு "ஃபின்ஜான்" என்பார்கள் அல்லவா? அதுவும் நம்முடைய பீங்கானும் ஒரே பாரசீக வேரில் வந்தவை.

சொல் வந்த வழியால்தான் பொருளும் வந்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடலடியில் ஒரு பழைய கப்பல் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக்குரியது, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து அரேபிய முறையில் கட்டிய கப்பல். சீனாவிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதில் சுமார் 60,000 பீங்கான் உருப்படிகள். பெரும்பாலானவை சாங்ஷா என்ற இடத்தில் செய்த கிண்ணங்கள். பறவை, மீன், பூ, மேகம், அரபு எழுத்தைப் போலச் சில கோடுகள் என்று ஒவ்வொன்றிலும் கையால் விரைந்து வரைந்த ஓவியம். ஒரு கிண்ணத்தில் "தேநீர்க் கிண்ணம்" என்றே சீனத்தில் எழுதியிருக்கிறது. மேற்கே போக வேண்டிய அந்தக் கப்பல் மூழ்காமல் இருந்திருந்தால், எங்கள் இலங்கைக் கரையைத் தாண்டித்தான் போயிருக்கும். மன்னாருக்கு அருகே மாந்தையில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகளும் பாரசீக, ஈராக்கிய ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. போர் அந்த அகழ்வை நிறுத்திவிட்டது.

அந்தச் சீன வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட பஸ்றா நகரத்துக் குயவர்கள், அதற்கான மண் தங்களிடம் இல்லாததால், சாதாரண மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த மெருகு பூசி வெண்மை கொண்டுவந்தார்கள். அதன் மேல் நீலத்தால் வரைந்தார்கள். பிற்காலத்தில் பாரசீகத்து நீலம் சீனாவுக்குப் போய், சீனாவின் பெயர்பெற்ற நீலவெள்ளைப் பீங்கான் பிறந்தது. ஐரோப்பாவோ 1710இல், ஜெர்மனியின் மைசனில்தான் முதன்முதல் உண்மையான பீங்கான் ஆலையைத் தொடங்கியது. நாங்கள் வெள்ளைக்காரன் சாமான் என்று சொல்லி அலுமாரியில் பூட்டிய பொருளின் கதை இது.

இனிக் கையால் செய்த டீபொட்டைப் பற்றிச் சொல்கிறேன். கோப்பை செய்வது இலகு, டீபொட் செய்வதுதான் குயவரின் பரீட்சை. உடல், மூக்கு, மூடி, பிடி என்று நான்கையும் தனித்தனியே செய்ய வேண்டும். மண் தோல்போல இறுகிய பதத்தில், கூழ்மண் வைத்து ஒட்ட வேண்டும். ஒன்று கூட ஈரமாகவும் மற்றது கூடக் காய்ந்தும் இருந்தால் ஒட்டிய இடத்தில் வெடிக்கும். காய்ந்து சூளையில் வேகும்போது எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சக்கரத்தில் சுற்றி எடுத்த மூக்கு, சூளைக்குள் போனதும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அனுபவமுள்ளவர் அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே சரித்து வெட்டி ஒட்டுவார். சீனாவின் யிசிங் நகரத்தில் சக்கரமே இல்லை, மண்ணைத் தட்டையாகத் தட்டி, வளைத்து, மரத்தட்டையால் அடித்து உருவாக்குவார்கள். மெருகும் பூசுவதில்லை.

கடையில் ஒரு டீபொட்டைப் பார்த்தால் நான் இவற்றைக் கவனிப்பேன்.

மூக்கின் நுனி, டீபொட்டின் வாய் மட்டத்துக்கு அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் முழுக்க நிரப்ப முடியாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பூச்சாடிதான்.

மூடியில் சிறு துளை வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தேநீர் வெளியே வரும். ஊற்றும்போது விரலால் அந்தத் துளையை மூடிப் பாருங்கள். ஒழுங்காகப் பொருந்திய மூடியென்றால் ஊற்று நின்றுவிடும்.

மூக்கு உடலோடு சேரும் இடத்தில், உள்ளே சல்லடைக் கண்கள் இருக்கின்றனவா? எத்தனை? ஒரே பெரிய ஓட்டை என்றால் நம்முடைய தூள் தேயிலைக்கு வடி தனியாக வேண்டும்.

ஊற்றி நிறுத்தினால் நுனியிலிருந்து துளி வடிந்து மேசை விரிப்பில் விழுகிறதா? கூரான விளிம்பு துளியை வெட்டும், மொழுமொழுவென்ற விளிம்பு வடியவிடும்.

பிடிக்குள் உங்கள் விரல்கள் போகின்றனவா? நிறைந்த டீபொட் எவ்வளவு பாரம் என்பதை வெறும் டீபொட்டைத் தூக்கி அறிய முடியாது, கடைக்காரரிடம் தண்ணீர் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். கேளுங்கள்.

விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிச் சத்தம் வந்தால் நல்லது. டொக் என்றால் எங்கோ கீறல்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். கொழும்பில் ஒரு பழம்பொருள் கடை. நீலப்பூப் போட்ட டீபொட். "நூறு வருடத்துக்கு மேலே, முழுக்கக் கைவேலை" என்றார் கடைக்காரர். ஒரு மாத ஓய்வூதியத்தைக் கொடுத்து வாங்கி, சேலைக்குள் சுற்றி, ஓட்டமாவடி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பேரன் தன் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "மூத்தம்மா, பூவெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு, பேப்பர் படம் மாதிரி" என்றான். அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்டது. பிடிக்குப் பின்னால் பூக்கொடியின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேராமல் நின்றன, நான் அதைப் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அந்த டீபொட்டையும் எறியவில்லை. நன்றாக ஊற்றுகிறது.

மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் நம் நாட்டில் செய்யும் ஆலைப் பீங்கானை நான் குறைத்துச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் போகும் நேர்த்தியான பொருட்கள் அவை. ஆனால் நூறு கோப்பையும் ஒன்றுபோல இருப்பது ஆலையின் பெருமை. இரண்டு கோப்பை ஒன்றுபோல இல்லாதது கையின் அடையாளம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

இந்தத் தேடலில் நான் கண்டுகொண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டாகாகி ரெங்கெட்சு. 1791இல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். இரண்டு முறை மணமாகி இரண்டு கணவரையும் இழந்தார். பெற்ற பிள்ளைகளையும் சிறு வயதிலேயே இழந்தார். முப்பது வயதைத் தாண்டியதும் பௌத்தத் துறவியானார். துணையாக இருந்த வளர்ப்புத் தந்தையும் 1832இல் இறந்த பிறகு, வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டும். களிமண்ணை எடுத்தார். சக்கரம் இல்லாமல் விரலாலேயே சின்னச் சின்ன டீபொட்களும் கோப்பைகளும் செய்தார். விரல் அழுத்திய பள்ளங்களை மறைக்கவும் இல்லை. ஈரமண்ணில் தன்னுடைய கவிதைகளை எழுதிச் சுட்டார். கியோட்டோ மக்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே போலிகளும் வந்துவிட்டன. 1875இல் இறக்கும்வரை தன் கையாலேயே பிழைத்தார். இன்று அவருடைய டீபொட்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எல்லாரையும் இழந்த ஒரு பெண் பிறர் குடிக்கும் கோப்பையில் தன் சொல்லை எழுதி வைத்தார். அதைப் படித்த அன்று எனக்கு உம்மாவின் சிரட்டை மூடி நினைவுக்கு வந்தது. உம்மாவுக்கு எழுதத் தெரியாது. அந்தச் சிரட்டைதான் அவர் எழுதி வைத்தது என்று நினைக்கிறேன்.

நமக்கு அருகிலும் ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் கணவரின் வைத்தியத்துக்காகச் சென்னையில் ஒரு மாதம் தங்கினோம். சத்திரசிகிச்சை முடிந்து தேறியதும், ஒருநாள் பாண்டிச்சேரிக்குப் போனோம். அங்கே 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர் கோல்டன் பிரிட்ஜ் பொட்டரி என்ற மட்பாண்டக்கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்வேலை பயின்றவர். உயர்ந்த வெப்பத்தில் சுட்டு மெருகிடும் கற்பாண்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அவர்களிடம் படித்தவர்களும், அவர்களுடைய மாணவர்களிடம் படித்தவர்களுமாக, இன்று பாண்டிச்சேரியிலும் ஆரோவில்லிலும் பல கூடங்கள். இதோ, பிரம்புப் பிடி போட்ட இந்தச் சாம்பல் நிற டீபொட் அப்படி ஒரு சிறு கூடத்தில் வாங்கியது. செய்த பெண் எங்கள் பிள்ளைகளின் வயது. அடியில் தன் விரல் ரேகையைப் பதித்திருக்கிறார். "ஏன் பெயர் எழுதவில்லை?" என்று கேட்டேன். "பெயர் அழிஞ்சாலும் இது அழியாதும்மா" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு, ஜப்பானுக்கும் பாண்டிச்சேரிக்கும் நாங்கள் எங்கே போவது என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து எருமைத் தயிர் எதில் வருகிறது? கையால் செய்த சட்டியில். எத்தனை சட்டியைத் தயிர் முடிந்ததும் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டிருக்கிறோம்! ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பில் ஈரத்துணியால் ஓட்டிய விரலின் தடம் இருக்கும். கண்டிக்குப் போகிறவர்கள், கேகாலைக்கு அருகே மொலகொடவில் இறங்கினால் சக்கரம் சுற்றுவதையே பார்க்கலாம். தயிர் இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. நாங்கள் சட்டியைக் கேட்டு வாங்காவிட்டால் அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். சேகரிப்பு என்பது அலுமாரிக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒருகாலத்தில் நானும் நினைத்தேன். வாங்குகிறவர் இருந்தால்தான் செய்கிறவர் இருப்பார் என்பது பிறகு புரிந்தது.

பராமரிப்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிநீரை நேரே ஊற்றாமல், முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்குங்கள், பாத்திரமும் பிழைக்கும், தேநீரும் நன்றாக வரும். சாயக்கறைக்கு அப்பச்சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள், இரும்புக் கம்பிச் சுருள் வேண்டாம். பொன்விளிம்புக் கோப்பை மைக்ரோவேவுக்கு ஆகாது. மெருகில்லாத யிசிங் வகைக்குச் சவர்க்காரமே ஆகாது, மணத்தைக் குடித்துவிடும். உள்ளே பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் பூசிய பழைய மண்கோப்பை என்றால் பார்க்க மட்டும் வையுங்கள், பழைய மெருகில் ஈயம் இருக்கக் கூடும். உடைந்த துண்டுகளை எறியாதீர்கள். ஜப்பானில் அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன்தூள் பூசுவார்கள், உடைந்ததை ஒளிக்காமல் காட்டுவார்கள். நமக்குப் பொன் வேண்டாம். ஒரு பூச்செடிக்காவது அந்த டீபொட் உதவும்.

கடைசியாக ஒன்று. போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த என் மகள் இந்தச் சேகரிப்பைப் பார்த்து, "உம்மா, இத்தனையையும் உங்களுக்குப் பிறகு யார் எடுக்கிற?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுடைய வீட்டில் கண்ணாடி அலுமாரி இல்லை, வேண்டியதும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. உம்மாவின் மூங்கில் இலைக் கோப்பைகள் இரண்டையும் எடுத்து, சிரட்டை மூடி போட்ட அந்த டீபொட்டில் இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ ஊற்றினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. வேலைநாள், விருந்தாளி யாருமில்லை, தலைவாராமல் இருந்தோம். பாதி குடித்ததும் அவள் கோப்பையை உயர்த்தி, "இதில ஏழு இலை" என்றாள். என்னுடையதை எட்டிப் பார்த்து எண்ணினாள். போகும்போது ஏழு இலைக் கோப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தினமும் அதில்தான் குடிக்கிறாளாம். என்றாவது உடைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவள் அனுப்பிய படத்தில் உள்ளே மெல்லிய மண்ணிறக் கறை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

உலகெங்கும் இருக்கும் எங்கள் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மா வீட்டில், அம்மா வீட்டில், ஒரு கோப்பையோ டீபொட்டோ மிஞ்சியிருக்கும். சூறாவளியும் போரும் இடப்பெயர்வும் சுனாமியும் கண்ட மாவட்டம் இது. அதிகம் மிஞ்சியிருக்காது. மிஞ்சியதை ஒரு படம் எடுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், யார் உடைத்தது, எதனால் ஒட்டியது என்று நான்கு வரி எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நம்முடைய மூத்தம்மாமாரின் பெயர் இருக்கும் ஆவணங்கள் மிகக் குறைவு, இதுவாவது இருக்கட்டும். பிறகு அதைப் பூட்டி வைக்காதீர்கள்.

இப்போது தேநீர் வரும். தங்கச்சிமார் தட்டோடு உள்ளே நிற்கிறார்கள். அவர்களிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறேன்: மண்டபத்தில் எத்தனை பேர் என்று எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள், முதல் கோப்பையை ஊற்றுகிறவள் எடுத்துக்கொள்ளட்டும். டீச்சர் மன்னிப்பாராக. எட்டாம் வகுப்புக் கேள்விக்கு இதுதான் என் திருத்திய விடை: நான்கு பேர் வந்தால் ஐந்து கோப்பை.